பதினேழு வயதுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள்

2006, ஜனவரி 5. கனடாவின் வான்கூவர் நகரில் உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கி இறுதிப் போட்டி. ரஷ்யாவை 5-0 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கியது கனடா. எதிரணியில் எவ்கேனி மால்கின் இருந்தார். தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்குத்தான் போனது. அவரை வைத்திருந்த அணியே ஒரு கோல்கூடப் போட முடியாமல் திணறியது. காரணம், கனடாவின் 19 வயது கோல் கீப்பர் ஜஸ்டின் போகி. அந்த ஒரே தொடரில் மூன்று ஆட்டங்களில் எதிரணியை கோலே போடவிடாமல் அனுப்பியவர்.

போகியை அதற்கு முன்பே தன் அணிக்குத் தேர்வு செய்து வைத்திருந்தது டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ். வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையை 1967-க்குப் பிறகு கண்ணால் பார்க்காத ஊர் அது. அந்த ஊர் ரசிகர்களின் சந்தோஷத்தைச் சொல்லவா வேண்டும்? அடுத்த பதினைந்து வருடத்துக்கு கோல் கம்பத்தைப் பற்றிக் கவலையே இல்லை என்று பலரும் முடிவுகட்டிவிட்டார்கள். இத்தனைக்கும் அதே தொடரில் சிறந்த கோல் கீப்பர் விருது போகிக்குக் கிடைக்கவில்லை. வெண்கலம் வென்ற பின்லாந்தின் ஒல்லிப்பிச்சான் பையன் ஒருவனுக்குக் கிடைத்தது. பெயர் துக்கா ராஸ்க். அவரும் டொரண்டோ தேர்ந்தெடுத்து வைத்திருந்தவர்தான்.

ஆக, நாளைய நம்பிக்கைகளாக இரண்டு பேர் கையில் இருந்தார்கள். ஒருவரை விட்டுக்கொடுக்கலாம் என்று டொரண்டோ நிர்வாகம் நினைத்தது. அந்த ஜூன் மாதமே ராஸ்க்கை பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு, ஆண்ட்ரூ ரேக்ராஃப்ட் என்ற அனுபவசாலி கோல் கீப்பரை வாங்கிக்கொண்டது. ரேக்ராஃப்ட் அங்கே இரண்டே சீசன் தாக்குப்பிடித்தார். போகி என்.எச்.எல். லீக்கில் ஆடியது மொத்தம் 7 ஆட்டங்கள். ராஸ்க் 2014-ல் லீக்கின் தலைசிறந்த கோல் கீப்பருக்கான வெசினா விருதை வாங்கினார். பாஸ்டன் அணியின் வரலாற்றிலேயே அதிக வெற்றிகளைக் குவித்த கோல் கீப்பர் ஆனார்.

அன்று வான்கூவரில் மக்கள் பார்த்தது பொய்யில்லை. போகி உண்மையிலேயே பிரமாதமாக ஆடினார். ஆனால் ஒரு பத்து நாள் ஆட்டத்திலிருந்து ஒரு பதினைந்து வருடத்தை வரவழைத்துக்கொண்டார்கள். இந்தத் தொடர் ஒவ்வொரு வருடமும் ரசிகர்களுக்கு வைக்கிற சோதனை இதுதான்.

பனிக்காலப் பத்து நாள்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி 5 வாக்கில் முடிகிற தொடர் இது. 10 நாடுகள், 20 வயதுக்குட்பட்ட வீரர்கள். 1977-லிருந்து அதிகாரபூர்வமாக நடக்கிறது. கனடாவில் இதன் மவுசே தனி. 1991 முதல் டிஎஸ்என் தொலைக்காட்சி இதை ஒரு தேசியத் திருவிழாவாகவே ஆக்கிவிட்டது. விடுமுறை நாள், வெளியே பனி, மூன்று தலைமுறையும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறது. 2012-ல் ஆல்பர்ட்டா மாகாணத்தில் நடந்தபோது அரங்குக்கு வந்தவர்கள் மட்டும் நான்கரை லட்சத்துக்கும் மேல்.

நமக்குப் பழக்கமான ஒன்றைச் சொன்னால், 19 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் உலகக் கோப்பையை நினைத்துக்கொள்ளலாம். 2012 இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 111 ரன் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார் கேப்டன் உன்முக்த் சந்த். சீனியர் இந்திய அணியில் ஒரு ஆட்டம்கூட அவருக்கு வாய்க்கவில்லை.

ஆனால் கிரிக்கெட்டில் இல்லாத ஒரு விஷயம் ஐஸ் ஹாக்கியில் உண்டு: டிராஃப்ட். ஒவ்வொரு கோடையிலும் என்.எச்.எல்.லின் 32 அணிகள் 7 சுற்றுகளாக 224 இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. பெரும்பாலும் 18 வயது. தேர்ந்தெடுத்த பையன் லீக்குக்கு வந்து சேர நான்கைந்து வருடம்கூட ஆகலாம். அதுவரை அவன் ஜூனியர் லீக்கிலோ, அமெரிக்கக் கல்லூரியிலோ, ஸ்வீடனிலோ ஆடிக்கொண்டிருப்பான். ஆக இந்தத் தொடரில் இறங்குகிற பையன்களில் பலர் ஏற்கெனவே ஏதோ ஒரு ஊரின் சொத்து. மீதிப்பேர் வருகிற ஜூனுக்காகக் காத்திருப்பவர்கள்.

இதனால் ரசிகரின் விசுவாசம் விநோதமாக இரண்டாகப் பிரிகிறது. கனடா ரசிகர் ஒருவர் வின்னிபெக் அணியின் பக்தர் என்று வையுங்கள். கனடாவுக்கு எதிராக பின்லாந்து ஆடும்போது, வின்னிபெக் தேர்ந்தெடுத்த பின்லாந்துப் பையனிடம் பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) வந்தால் அவருக்கு மூச்சு ஒரு நிமிடம் நிற்கும். நாடு தோற்கக் கூடாது, ஆனால் நம்ம பையன் நல்லா ஆடணும். இந்தத் தவிப்பு வேறு எந்த விளையாட்டிலும் இவ்வளவு சுத்தமாகக் கிடைப்பதில்லை. அதில் ஒரு அழகும் இருக்கிறது. எங்கோ பிறந்த, பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்க வராத ஒரு பதினெட்டு வயதுப் பையனை, அவன் தங்கள் ஊருக்கு வந்து இறங்குவதற்கு மூன்று வருடம் முன்பே வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்கிறார்கள்.

எண்ணிக்கை சொல்லாதது

மதிப்பீடு எங்கே தடுமாறுகிறது? முதலில், புள்ளிகளில். கோல் போட்டால் ஒரு பாயின்ட், கோலுக்கு உதவினால் ஒரு பாயின்ட். தொடர் முடிந்ததும் பட்டியலின் மேலே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது எல்லோருக்கும் சுலபம்.

ஒரே தொடரில் அதிக பாயின்ட் எடுத்த சாதனை ஸ்வீடனின் பீட்டர் ஃபோர்ஸ்பெர்கிடம் இருக்கிறது. 1993-ல் 7 ஆட்டங்களில் 31. இன்றுவரை அருகில்கூட யாரும் வரவில்லை. ஆனால் அதில் 10 பாயின்ட் ஒரே ஆட்டத்தில் வந்தவை. ஜப்பானை ஸ்வீடன் 20-1 என்று நசுக்கிய ஆட்டம் அது. அந்தப் பத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மீதி 6 ஆட்டங்களில் 21. அப்போதும் மலைப்பாகத்தான் இருக்கிறது, ஃபோர்ஸ்பெர்க் ஃபோர்ஸ்பெர்க்தான். கழித்த பிறகும் நிற்கிறவர்கள் மிகச் சிலர் என்பதால்தான் கழித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2020 டிசம்பரில் எட்மன்டனில் பார்வையாளர்களே இல்லாமல் நடந்த தொடரில், கனடா ஜெர்மனியை 16-2 என்று வென்றது. ஸ்கோரை மட்டும் பார்த்தவர்களுக்குக் கனடா ஆட்டக்காரர்கள் எல்லோருமே மேதைகளாகத் தெரிந்திருப்பார்கள். ஜெர்மனி அணியில் பலர் கொரோனா தனிமையில் அடைபட்டிருந்தார்கள். கோல் கீப்பர்கள் நீங்கலாக 14 பேரோடுதான் அன்று இறங்கினார்கள். ஐஸ் ஹாக்கியில் 45 நொடிக்கு ஒருமுறை ஆளை மாற்றாவிட்டால் கால் மரத்துப்போகும். அந்த நிலையில் மூன்றாவது பகுதியில் விழுகிற கோல்களுக்கு என்ன மதிப்பு? அந்தத் தோற்ற அணியில் நின்றவர் டிம் ஸ்டுட்ஸ்லே. அந்தத் தொடரின் சிறந்த முன்கள ஆட்டக்காரர் விருது கடைசியில் அவருக்குத்தான் கிடைத்தது. 16 கோல் வாங்கிய அணியிலிருந்து ஒரு வைரத்தை எடுத்த விருதுக் குழுவுக்கு என் வணக்கம்.

இன்னொரு பக்கம், தொடருக்கு வராதவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2023-ல் கனடாவின் கானர் பெடார்ட் 7 ஆட்டங்களில் 23 பாயின்ட் எடுத்து நாட்டையே கிறங்கடித்தார். அடுத்த வருடமும் அவர் வயதுக்கணக்குப்படி ஆடியிருக்கலாம். சிகாகோ அணி அவரை விடவில்லை, அதற்குள் என்.எச்.எல். ஆட்டக்காரராகிவிட்டார். ஒவ்வொரு வருடமும் இப்படிச் சிலர் இல்லாமல்தான் தொடர் நடக்கிறது.

பிறந்த தேதி

வயது விஷயத்தில் ரசிகர்கள் இன்னும் அதிகமாக ஏமாறுகிறார்கள். '20 வயதுக்குட்பட்டோர்' என்று சொல்லிவிடுகிறோம். ஒரு பக்கம் அடுத்த வாரம் இருபதாவது பிறந்தநாள் கொண்டாடப்போகிற ஆள். இன்னொரு பக்கம் பதினேழரை வயதுப் பையன். அந்த வயதில் இரண்டரை வருடம் என்பது இரண்டரை வருடமல்ல. தோள் அகலம், தொடை பலம், இடித்தால் தாங்குகிற உடம்பு எல்லாம் வேறு.

1980-களில் ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் நகரில் ஒரு ஜூனியர் ஆட்டத்துக்குப் போன உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவர் மனைவி பாலாவும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். முதலில் கவனித்தவர் பாலாதான். ஆட்ட நிகழ்ச்சிநிரல் புத்தகத்தில் வீரர்களின் பிறந்த தேதிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே வந்துகொண்டிருந்தன. கனடாவில் சிறுவர் ஹாக்கி வயதுப்பிரிவுக்கு ஜனவரி 1-தான் எல்லைக்கோடு. எட்டு வயதில் ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஒரு தலை உயரமாக இருப்பான்; அவனுக்கே நல்ல அணி, நல்ல பயிற்சி, கூடுதல் ஆட்டம். பத்து வருடம் கழித்து அந்த முன்னுரிமைக்குத் 'திறமை' என்று பெயர் வைத்துவிடுகிறோம். நவம்பரிலும் டிசம்பரிலும் பிறந்து, இத்தனையையும் தாண்டி இந்தத் தொடருக்கு வந்து சேர்கிற பையன்களை நான் இரண்டு முறை பார்ப்பேன். அவர்கள் வந்த பாதை செங்குத்தானது.

டிராஃப்டுக்கு வேறு எல்லை: செப்டம்பர் 15. ஆஸ்டன் மாத்யூஸ் 1997 செப்டம்பர் 17-ல் பிறந்தார். இரண்டு நாள் முன்னதாகப் பிறந்திருந்தால் 2015-ல், கானர் மெக்டேவிட் முதலிடத்தில் தேர்வான அதே டிராஃப்டில் அவர் பெயரும் வந்திருக்கும். ஒரு வருடம் காத்திருந்து, 2016-ல் முதல் ஆளாக டொரண்டோவுக்குப் போனார்.

ஹெல்சின்கியின் மூவர்

அதே 2016-ல் முடிந்த உலக ஜூனியர் தொடரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இளம் ஆட்டக்காரர்களை எடைபோடுவது பற்றிப் பாடம் படிக்க அதைவிட நல்ல தொடர் எனக்குத் தெரியவில்லை.

ஹெல்சின்கியில் சொந்த மண்ணில் பின்லாந்து தங்கம் வென்றது. இறுதிப் போட்டியில் ரஷ்யாவை ஓவர் டைமில் 4-3 என்று சாய்த்தது. அந்த அணியின் ஒரு வரிசைதான் ஊரெல்லாம் பேச்சு. இடது வலதாக பாட்ரிக் லைனே, யெஸ்ஸே புல்யுயார்வி. இருவருக்கும் 17 வயது. புல்யுயார்விக்கு 17 பாயின்ட், தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. லைனேயின் ஷாட் கோல் கீப்பர் கண் சிமிட்டுவதற்குள் வலையில் இருந்தது. ஆறு மாதம் கழித்து டிராஃப்டில் லைனே இரண்டாவது, புல்யுயார்வி நான்காவது. அவர் மூன்றாவதாகப் போவார் என்றே பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். நான்காவது இடத்தில் கிடைத்ததும் எட்மன்டன் ரசிகர்களுக்குப் புதையல் கிடைத்த மாதிரி.

இருவருக்கும் நடுவில் ஒருவர் ஆடினார். ஸெபாஸ்டியன் ஆஹோ. முந்தைய வருடமே கரோலினா அணி இரண்டாவது சுற்றில், 35-வது ஆளாக எடுத்து வைத்திருந்தது. உயரம் குறைவு. ஷாட்டும் லைனே மாதிரி இடி முழக்கமில்லை. அந்த ஆட்டங்களின் வீடியோவை இன்று போட்டுப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. பக் சுவரோரம் சிக்கினால் முதலில் போய் எடுப்பவர் ஆஹோ. புல்யுயார்வி வேகமெடுத்து வருகிற இடத்துக்கு அரை நொடி முன்பே பாஸ் போயிருக்கும். பக் பறிபோனால் முதலில் திரும்பித் தற்காப்புக்கு விரைகிறவரும் அவரே. 14 பாயின்ட். விங்கில் இருக்கும் இரண்டு நெட்டைப் பையன்களைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம், அவர்களுக்கு நேரத்தையும் இடத்தையும் தயாரித்துக் கொடுத்தவரைக் கவனிக்கத் தவறியது.

பிறகு என்ன ஆயிற்று? லைனே இரண்டாவது சீசனிலேயே 44 கோல் போட்டார். பிறகு காயங்களும் மன உளைச்சலும் அலைக்கழித்தன, அதை அவர் வெளிப்படையாகவே பேசினார். புல்யுயார்விக்கு எட்மன்டனில் கடைசிவரை கால் ஊன்றவில்லை. இரண்டு இடுப்பிலும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. 2023 பிப்ரவரியில் எட்மன்டன் அவரை அனுப்பிவைத்தது எங்கே தெரியுமா? கரோலினாவுக்கு. ஆஹோ அதற்குள் பல வருடமாக அங்கே முதல் வரிசை சென்டர்.

அதே தொடரில் கனடாவுக்கு மிஞ்சியது ஆறாவது இடம். காலிறுதியில் பின்லாந்திடம் 6-5 என்று தோற்று வெளியேறியது. திட்டு பூராவும் அணிக்குத்தான். அந்த அணியின் கேப்டன் பிரேடன் பாயின்ட். தம்பா பே அணி 2014-ல் 79-வது ஆளாக எடுத்தவர். அந்த வாரம் அவரை யாரும் வருங்கால நட்சத்திரம் என்று எழுதவில்லை. 2020, 2021 இரண்டு வருடமும் தம்பா பே ஸ்டான்லி கோப்பையை வென்றது. இரண்டு பிளே-ஆஃபிலும் பிரேடன் பாயின்ட் தலா 14 கோல் போட்டார்.

கண்ணைப் பழக்குவது

நல்ல ரசிகர் எதைப் பார்க்கிறார்? பக் இருக்கிற இடத்தை அல்ல. ஒரு டிஃபென்ஸ் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணி பக்கை அவன் பின்னால் மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்துகிறது. அவன் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலைக்கு விரைகிறான். பின்னால் இருவர், ஒருவன் கட்டாயம் இடிப்பான். பக்கைத் தொடுவதற்கு முன் அவன் எத்தனை முறை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறான்? ஒருமுறை பார்ப்பவன் இடிப்பவனைப் பார்க்கிறான். இரண்டாம் முறையும் பார்ப்பவன் தன் ஆள் எங்கே நிற்கிறான் என்றும் பார்த்துவிடுகிறான். அவனிடம் பக் அரை நொடிகூடத் தங்காது; இடிக்க வந்தவன் கண்ணாடிச் சுவரில்தான் மோதுவான். ஆட்டம் முடிந்ததும் எந்தப் பட்டியலிலும் இது வராது. கோல் இல்லை, உதவி இல்லை. ஆனால் பெரிய லீக்கில் அவனைப் பதினைந்து வருடம் வைத்திருக்கப்போவது அந்த இரண்டாவது பார்வைதான்.

கோல் கீப்பர்கள் விஷயம் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அவர்கள் தாமதமாகத்தான் பழுக்கிறார்கள். போகி கதையைக் கேட்டுவிட்டு இந்தத் தொடரில் கோல் கீப்பரைப் பார்ப்பதே வீண் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஸ்லோவாக்கியாவின் ஆடம் கயான் 2022 டிராஃப்டில் 32 அணிகளாலும் ஒதுக்கப்பட்டவர். 2023 தொடரில் அமெரிக்காவை 6-3 என்று வீழ்த்தியபோது ஸ்லோவாக்கியாவின் கம்பத்தில் நின்றவர் அவர்தான். காலிறுதியில் கனடாவை எதிர்த்து 53 ஷாட்களைத் தடுத்தார். கடைசியில் ஓவர் டைமில் பெடார்ட் ஒருவரால்தான் அவரைத் தாண்ட முடிந்தது. சிறந்த கோல் கீப்பர் விருது அவருக்கு. அந்தக் கோடையில் சிகாகோ அவரை 35-வது ஆளாக எடுத்தது. அவருக்கு இந்தத் தொடர் இல்லாவிட்டால் கதவே திறந்திருக்காது.

நான்கு கோலும் ஒரு தவறும்

மதிப்பீடு தப்பாகப் போவதில் பெரிய பாவமில்லை. இளம் வீரர்களைத் தேடிப் பிடிக்கச் சம்பளம் வாங்குகிற ஸ்கவுட்களே தவறுகிறார்கள். டெட்ராய்ட் அணி 1998-ல் 171-வது ஆளாகத்தான் பாவெல் டாட்சுக்கை எடுத்தது, அடுத்த வருடம் 210-வது ஆளாக ஹென்ரிக் ஸெட்டர்பெர்கை; இருவரும் பின்னாளில் நட்சத்திரங்கள். என்னை உறுத்துவது, எடை போடுகிறவர்கள் எடைக்கல்லையே எறிகிற சமயம்.

2018 டிசம்பர் 26, வான்கூவர். கனடா கேப்டன் மாக்ஸ் கொம்ட்வா டென்மார்க்குக்கு எதிராக நான்கு கோல் போட்டார், ஆட்டம் 14-0. தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஒரே வாரம் கழித்து, ஜனவரி 2-ல் காலிறுதி, எதிரே பின்லாந்து. ஆட்டம் முடிய 46 நொடி இருக்கும்போது பின்லாந்து சமன் செய்தது. ஓவர் டைமில் கனடாவுக்குப் பெனால்டி ஷாட். கொம்ட்வா தானே எடுத்தார். பின்லாந்து கோல் கீப்பர் உக்கோ-பெக்கா லுக்கோனன் தடுத்துவிட்டார். பின்லாந்து 2-1 என்று வென்று, அந்தத் தொடரின் தங்கத்தையும் கொண்டுபோனது.

அன்று இரவு கொம்ட்வாவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் குவிந்த வசைகளை எந்தப் பத்திரிகையும் முழுதாக அச்சிட முடியாது. அடுத்த வாரம்தான் அவருக்கு இருபது வயது முடியப்போகிறது. தோள்பட்டை மூட்டு விலகிய நிலையிலேயே ஆடிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. வசை எழுதியவர்களில் எத்தனை பேர் ஒரு வாரம் முன்பு அந்த நான்கு கோலுக்குக் கைதட்டினார்களோ. ஒரு பையனை இன்னும் வளர்ந்து முடியாதவன் என்று தெரிந்துகொண்டேதானே அவன் வருங்காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்? அப்படிப் பேசுகிறவர்களுக்கே, அவன் தவறும்போது மட்டும் அது மறந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. அரங்கில் இருக்கிற பெரியவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, தங்கள் பிள்ளைகளின் கையிலிருக்கிற போனை வாங்கி வைப்பது.

அதே ஓவர் டைமில் இன்னொன்றும் நடந்தது. 18 வயது நோவா டாப்சன் முன்னால் வலை காலியாகத் திறந்து கிடந்தது. பக் வந்தது. ஓங்கி அடித்தார். மட்டை உடைந்தது. பக் அங்கிருந்து மறுமுனைக்குப் போக, டோனி உட்டுனன் அடித்த ஷாட் கனடா வலைக்குள் விழுந்தது. நாட்டின் தோல்விக்கு இந்தப் பையனும் ஒரு காரணம் என்று அன்று பேசியவர்கள் உண்டு. ஒரு கார்பன் நார்த் தடி எந்த நொடியில் உடையும் என்பதற்கு யார் பொறுப்பு?

டாப்சன் நியூயார்க் ஐலாண்டர்ஸ் அணிக்கு ஆடப் போனார். 2023-24 சீசனில் டிஃபென்ஸ் ஆட்டக்காரராக இருந்துகொண்டே 70 பாயின்ட் எடுத்தார். 2025 ஜூனில், முதல் சுற்றுத் தேர்வுரிமை இரண்டையும் ஒரு வீரரையும் கொடுத்து மாண்ட்ரியல் அணி அவரை வாங்கியது. ஒப்பந்தம் 8 ஆண்டு. தொகை 7 கோடியே 60 லட்சம் டாலர். கனடா ரசிகர்கள் அவருக்காக மறுபடி கத்திக்கொண்டிருக்கிறார்கள், இந்த முறை சிவப்பு நீலச் சட்டையில்.